வாரா வாரம் தளரும் செயின்

"ஒரு செயின் மாட்டத் தெரியல. நீயெல்லாம் ஒரு மெக்கானிக்காடா?"

அப்பாசாமி பட்டறை வாசலில் நின்று சத்தம் போட்டார். காஜா பேராங் சாலையில் போன சைக்கிள்காரன்கூடத் திரும்பிப் பார்த்தான்.

பட்டறைக்காரர் பொன்னுதுரை தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் திட்டினால் அது அவருக்குச் சின்ன வயதுப் பழக்கம்.

பக்கத்தில் டிரெஸர் தியாகு சங்கடத்தோடு நின்றான். எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பதும் அவன் வேலை. அதற்காக எஸ்டேட்டின் வெள்ளைக்காரத் துரை கொடுத்த மோட்டார் சைக்கிள் அது. காட்டுப் பாதைக்கென்றே செய்தது. பல் பல்லாய் டயர், உயர்த்திக் கட்டிய புகைக்குழாய், உடம்பெல்லாம் செம்மண்.

"விடுங்கய்யா. புதுச் செயின்னா கொஞ்சம் தளரத்தான் செய்யும்" என்றான்.

"ஒரு தடவ தளரும். வாரா வாரமா தளரும்? இவன் ஒவ்வொரு ஞாயிறும் இறுக்குறான். நீங்க அடுத்த ஞாயிறு அது லொடலொடன்னு ஆட வந்து நிக்கிறீங்க!"

அப்பாசாமி சொன்னதில் தப்பில்லை. பொன்னுதுரை மாட்டிய செயின் தளர்ந்ததாக மலாக்காவில் யாரும் கேள்விப்பட்டதில்லை. இது ஒன்றுதான் மானத்தை வாங்கியது.

அப்பாசாமிக்கு ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் துணிக்கடை. அடுத்த மாதம் நாட்டுக்குச் சுதந்திரம். கொடித் துணி கிழித்துக் கை ஓய்ந்த நேரத்தில், பட்டறையை ஒட்டிய தம்பி வீட்டுக்கு வந்து, கோப்பி குடித்துவிட்டு, நாலு பேரைக் கண்டித்துவிட்டுப் போவார்.

இந்தச் செயின் மாட்டிய நாள் பொன்னுதுரைக்கு இன்னும் கனவு மாதிரிதான் இருக்கிறது.

மழை விட்ட மதியம். அறுந்த செயினைத் தோளில் போட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான் தியாகு. பொன்னுதுரை புதுச் செயினுக்கு எண்ணெய் விட்டு, பல்சக்கரத்தில் ஏற்றி, இரண்டு முனையையும் சேர்த்துக் கிளிப்பைச் சொருகினார். பின்சக்கரத்தைச் சுழற்றிவிட்டார். அது நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த டிக் டிக் சத்தத்திலும், ஈர வெயிலிலும், தெங்கேரா பக்கமிருந்து வந்த கடல் காற்றிலும் மூன்று பேரும் கொஞ்சம் மயங்கித்தான் நின்றார்கள்.

மூன்றாவது ஆள் கமலவேணி. பொன்னுதுரையின் ஒரே மகள். சின்னப் பிள்ளையில் அப்பாவுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து வளர்ந்தவள். கல்யாணமான வருஷமே கணவனைப் பறிகொடுத்து, வெள்ளைச் சேலையோடு திரும்பி வந்தவள். வந்ததிலிருந்து பேச்சே கிடையாது. ஏதாவது கேட்டால் தலையசைப்பாள், அவ்வளவுதான்.

அன்று கோப்பியோடு வந்தவள், சுற்றும் சக்கரத்தைப் பார்த்தபடியே தியாகுவிடம் கேட்டாள்: "சீனி போதுங்களா?"

பொன்னுதுரைக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த வாரம், "அந்தப் பக்கம் புலி வருமாமே?" என்று கேட்டாள். அதற்கடுத்த வாரம் தியாகு, விடிகாலைப் பனியில் ரப்பர் மரங்களுக்கு நடுவே வண்டி ஓட்டுவதைச் சொன்னான். பாதையே தெரியாதாம், மிதப்பது போல இருக்குமாம். கோப்பி ஆறிப் போகும்வரை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பொன்னுதுரை ஒருநாள் அண்ணனிடம் மெல்ல ஆரம்பித்தார். "கமலத்துக்கு இன்னொரு எடம்..."

"நம்ம குடும்பத்துல அந்தப் பழக்கம் கிடையாது" என்று முடித்துவிட்டார் அப்பாசாமி.

இப்போது தியாகு தயங்கித் தயங்கிச் சொன்னான். "ஐயா, தொரை கோவிச்சுக்கிட்டாரு. இனிமே தெங்கேராவுல வேற பட்டறைக்குக் கொண்டு போகச் சொல்லிட்டாரு. இன்னிக்கு மட்டும்தான்..."

உள்ளே ஒரு தம்ளர் கீழே விழுந்து உருண்டது.

பொன்னுதுரை பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினார். செயினை இறுக்கிப் பிடிக்கும் சக்கரத்து நட்டைக் கட்டைவிரலால் தடவினார். முனையெல்லாம் மழுங்கியிருந்தது.

"எஸ்டேட்ல யாராச்சும் இதுல கை வச்சாங்களா தம்பி?"

"இல்லீங்கய்யா. அங்க ஸ்பேனருக்கு நான் எங்க போக?"

பொன்னுதுரை நட்டிலிருந்து கண்ணை எடுத்து, தம்ளர் உருண்ட பக்கம் பார்த்தார். பிறகு எழுந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

"தப்பு என்மேலதான். வயசாச்சு, கை முன்ன மாதிரி இறுக்க மாட்டேங்குது. தொரைகிட்ட அப்படியே சொல்லுங்க. வாரா வாரம் நானே பாத்துத் தர்றேன். வேற எங்கயும் போயிடாதீங்க தம்பி."

அப்பாசாமி தலையில் அடித்துக்கொண்டார்.

"நாட்டுக்கே விடுதலை வருது. இவனுக்கு ஒரு நட்டை இறுக்க வரல!"

குடையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டார்.

பொன்னுதுரை செயினை இறுக்கினார். தியாகு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டான். வேலை முடிந்ததும் மசகுக் கையைக் கழுவ அவன் கிணற்றடிக்குப் போனான். வழக்கமாக அவரும் கூடவே போவார். இன்று போகவில்லை.

"கமலம், இங்க வாம்மா."

தலை நிமிராமல் வந்து நின்றாள். வெள்ளைச் சேலையின் ஓரத்தில், துவைத்தும் போகாத கறுப்பு மசகுப் புள்ளிகள்.

பொன்னுதுரை சுவரில் தொங்கியவற்றில் சின்ன ஸ்பேனர் ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"அந்தப் பெரிய ஸ்பேனரை எடுக்காதம்மா, நட்டு மழுங்குது" என்றார் மெதுவாக. "செயின் கொஞ்சம் தளரட்டும், பரவாயில்ல. சக்கரத்து நட்டை மட்டும் திரும்ப நல்லா இறுக்கிடு. காட்டுப் பாதையில போற பிள்ளை."