நாற்பத்திரண்டு டிகிரி

“குறைஞ்சது நூறு பிணமாவது விழும், பாருங்க” என்றாள் நெவின். சொல்லிவிட்டுக் கட்டைவிரல் நகத்தைக் கடித்தாள்.

“ஒண்ணு குறைஞ்சாலும் ஒத்துக்க மாட்டோம்மா” என்றார் தஹ்சின், தேனீ வளர்ப்போர் சங்கத்தின் தலைவர். அவருக்குப் பின்னால் சங்கத்து ஆட்கள் பதினைந்து பேர், தேநீர்க் கிளாசும் கையுமாக, வேடிக்கை பார்க்க நின்றார்கள்.

சாக வேண்டியது உண்ணிகள். தேனீயின் உடம்பில் ஒட்டிக்கொண்டு உயிரை உறிஞ்சுகிற, எள்ளளவு சனியன்கள். ஒரு மருந்துப் பட்டையைக் கொளுத்தித் தேனீப் பெட்டிக்குள் புகை போட்டால் இரண்டு மூன்று நாளைக்குச் செத்து உதிர்ந்துகொண்டே இருக்கும். ஆனால் மருந்து தேனிலும் ஏறிவிடும். இந்த வசந்தத்தில் சங்கத்துத் தேன் அத்தனையும் அப்படித்தான் வாங்கியவர்களிடமிருந்து திரும்பி வந்தது.

அதற்காகவே இரண்டு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு நெவின் இந்த இயந்திரத்தைச் செய்திருந்தாள். பெட்டிக்குள் தேனடைச் சட்டங்களுக்கு நடுவே செருகுகிற சூட்டுத் தகடுகள், நாற்பத்திரண்டு டிகிரி, இரண்டு மணி நேரம். தேனீ தாங்கும், உண்ணி தாங்காது.

சங்கம் ஒத்துக்கொண்டால் ஊரிலேயே பட்டறை போடலாம். இஸ்மீரில் தொழிற்சாலையே கதியென்று கிடக்கும் கணவன் ஓர்ஹானும் வீட்டுக்கு வந்துவிடுவான். இல்லையென்றால் நாளைக் காலைப் பேருந்தில் இவள் அங்கே போக வேண்டியதுதான். துணிமணிகளை மூட்டை கட்டிக்கூட வைத்துவிட்டாள்.

“எந்தப் பெட்டியில சோதிக்கலாம்?” என்று கேட்டார் தஹ்சின்.

“அந்த நீலப் பெட்டி!” என்றார் மாமனார் ரிஃப்கி, வேறு யாரும் வாயைத் திறப்பதற்குள். “அதுலதான் உண்ணி மொய்க்குது. அங்க காட்டட்டும் இவ சாமர்த்தியத்த.”

கூட்டம் சிரித்தது. இயந்திரத்தைச் செய்ய ஆரம்பித்த நாளிலிருந்து மனுஷன் நக்கலடிக்காத வேளையே கிடையாது. “அதுல நாலு பொரேக் சுட்டுக் குடேன் மருமகளே, தின்னாவது பார்க்கறேன்” என்பார். முழங்கால் வலி என்று ஒரு வாரமாகத் தன் பெட்டிகள் பக்கம் தலைகாட்டாதவர், இன்றைக்கு முதல் ஆளாக வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

நெவினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் நீலப் பெட்டி அவளுக்குச் சம்மதம்தான். போன வாரம் அதிலிருந்து ஒரு கிளாஸ் தேனீயை அள்ளிச் சர்க்கரைப் பொடியில் குலுக்கியபோதே முப்பது உண்ணி உதிர்ந்தது. நூறு என்ன, ஆயிரமே விழும்.

வெள்ளைத் தகடு ஒன்றில் எண்ணெய் தடவி, எல்லோருக்கும் காட்டிவிட்டு, பெட்டியின் அடியிலிருந்த கம்பி வலைக்குக் கீழே செருகினாள். சுவிட்சைப் போட்டாள்.

நாற்பது. நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு.

உட்கார முடியவில்லை அவளால். பைன் மரம் வரைக்கும் நடந்தாள், திரும்பி வந்தாள், வெப்பமானியைப் பார்த்தாள், மறுபடி நடந்தாள். நாற்பத்து மூன்று ஆகிவிட்டால் தேனீயும் சேர்ந்து போய்ச் சேரும் என்ற பயம் வேறு.

மாமனாரும் இருப்புக்கொள்ளாமல்தான் இருந்தார். தஸ்பீ மணிகளைக் கடகடவென்று உருட்டிக்கொண்டே, “என்ன மருமகளே, வெந்துடுச்சா?” என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்டார்.

“நீங்க கொஞ்சம் சும்மா இருக்கீங்களா, மாமா!”

ஒரு வழியாக இரண்டு மணி நேரம் முடிந்தது. நெவின் குனிந்து தகட்டை உருவினாள். பதினைந்து தலைகளும் ஒன்றாகக் கவிழ்ந்தன.

மெழுகுத் தூள் கிடந்தது. கொஞ்சம் மகரந்தம் கிடந்தது. தஹ்சின் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பல்குத்தும் குச்சியால் கிளறினார்.

“ஒண்ணு… ரெண்டு… மூணு… நாலு.” இன்னும் ஒரு தடவை கிளறிப் பார்த்தார். “நாலேதாம்மா.”

“இருக்காது அண்ணே! நல்லாப் பாருங்க!”

“என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. தேனீ சாகல, அது வரைக்கும் சந்தோஷம். உண்ணியும் சாகலையே, அதுக்கு என்ன பண்றது?” குரலில் கிண்டல் இல்லை, இரக்கம்தான் இருந்தது. அவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

“ரெண்டு மணி நேரம் வெயில்ல நின்னதுதான் மிச்சம்” என்று யாரோ முணுமுணுக்க, கூட்டம் கலைந்தது. கார்கள் ஒவ்வொன்றாகப் புழுதி கிளப்பிக்கொண்டு போயின.

நெவின் வயர்களைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தாள். அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. ரிஃப்கி மட்டும் நாற்காலியை விட்டு அசையவில்லை.

“இப்பத் திருப்திதானே மாமா? இதுக்குத்தானே காலங்காத்தால வந்து காத்துக் கெடந்தீங்க?” என்று கத்தினாள். “நாளைக்கு நான் கெளம்பறேன். உங்க புள்ளையும் இனிமே இந்த ஊருக்கு வர மாட்டான். தனியா நிம்மதியா இருங்க!”

அவர் மெல்ல எழுந்து, நொண்டி நொண்டி நீலப் பெட்டியருகே போனார். கையை ஊன்றிக் குனிந்து, பெட்டிக்கு அடியில் இருந்த புல்லை விலக்கிப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் வெளிறிப் போயிருந்தது.

“நீ ஜெயிக்கணும்னு நேத்து சாயங்காலமே இதுல மூணு மருந்துப் பட்டை கொளுத்தினேன்மா… எல்லாம் ராத்திரியே செத்து விழுந்துடுச்சு!”