சந்தையில் வாங்கிய கிடா

"உசுரக் குடுத்த அய்யனாருக்கு ஒரு கிடா குடுக்க மனசு வரலியாடி உனக்கு?"

விருத்தாம்பாள் வாசலில் நின்று கத்தினாள். கிடாவின் வீச்சம் தாங்காமல் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

தம்பி மனைவி தையலம்மாள் கயிற்றை விடவில்லை.

"வேற கிடா வாங்கித் தரேன் அண்ணி."

"தண்ணி ஊத்தினதும் இதுதான ஒடம்பத் துலுக்குச்சி? சாமி கேட்டத மாத்துவியா நீ?"

தம்பி பலராமனுக்குக் குடலெல்லாம் புண், ஓயாத ரத்தபேதி. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் பிரெஞ்சு டாக்டர் பெருங்குடலையே எடுத்துவிட்டு, சிறுகுடல் முனையை வயிற்றுக்கு வெளியே வைத்துத் தைத்துவிட்டார். இனி ஆயுசுக்கும் மலம் போக அந்த வழிதான். சுற்றித் தோல் வெந்து கிடக்கும். துணியை அவிழ்த்து, துடைத்து, மறுபடி கட்டுவது தையலம்மாள்தான்.

வந்த புதிதில் அவன் அறையை விட்டே வெளியே வரவில்லை. இப்போதுதான் வாசலில் கட்டில் போட்டு நாலு பேரோடு பேசுகிறான். அக்காவுக்கு அதுவே பெரிய சந்தோஷம். வேண்டுதலை முடித்துவிடத் துடித்தாள்.

"ஓட்டிக்கினு போக்கா!" கட்டிலில் இருந்தபடி பலராமன் சிரித்தான். "இதோட நாத்தத்துல மனுசன் மூச்சு வுட முடியல."

தையலம்மாள் அவனையே பார்த்தாள். கயிறு அவள் கையிலிருந்து நழுவியது.

"அய்ய! புருசன வுடக் கிடா ஒசத்தியா பூட்டுது இவளுக்கு" என்று இழுத்துப் போனாள் விருத்தாம்பாள்.

அய்யனாருக்குப் படைத்தாயிற்று. பலராமன் வீட்டு வாசலிலேயே பந்தி. நடுவில் அவன். பக்கத்தில் அக்கா புருஷன் சிங்காரவேலு.

சிங்காரவேலு மூக்கை உறிஞ்சினார். "இன்னாடா மாப்ள, கிடா கொழம்புல கெடக்குது, நாத்தம் மட்டும் இங்கியே கீது?"

பந்தியே சிரித்தது. பலராமனும் சிரித்தான். பாதியில் நிறுத்தினான்.

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. குனிந்து வயிற்றுக் கட்டைப் பார்த்தான். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

"தம்பி! இன்னாடா ஆச்சி? கதவத் தொறடா!" விருத்தாம்பாள் தட்டிக்கொண்டே இருந்தாள்.

கரண்டியோடு பின்னால் வந்து நின்ற தையலம்மாள் மெல்லச் சொன்னாள்.

"இனிமே தொறக்க மாட்டாரு அண்ணி. வில்லியனூர் சந்தையில ஒவ்வொண்ணா மோந்து பாத்து, இருக்கறதுலியே நாத்தம் புடிச்ச கிடாவாத்தான் வாங்கியாந்து கட்டியிருந்தேன்."