ஜன்னலோரக் காதல்

காதலுக்கு அந்த உணவக முதலாளி வைத்த விலை, ஒரு மாலைக்கு இருநூறும் இரண்டு பேர் சாப்பாடும். பேரம் பேசி அதை முந்நூறாக்கியவள் அந்த வேலைக்கு வந்த பெண்தான்.

ஒருவர் பின் ஒருவராக வேலை கேட்டு வந்த அவனையும் அவளையும் முதலாளியே ஜோடி சேர்த்தார். குளிரில் நடுங்கிக்கொண்டு தெருவில் போகிறவர்கள் பார்க்கும்படி, இருவரும் ஜன்னலோர மேசையில் சூடான சூப்போடு உட்கார்ந்து காதலர்களாகச் சிரித்துப் பேச வேண்டும். ஒரே வாரத்தில் கடை நிரம்பி வழிந்தது.

அன்று முதலாளி அவனைச் சமையலறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். முகத்தில் கவலை.

"தம்பி, நெசமாவே அந்தப் பொண்ணு மேல ஆசை வெச்சுட்டியா?"

"ஏன் சார்?"

"கல்யாணம் கில்யாணம்னு போயிடாதே. முதல்ல நானும் என் வீட்டுக்காரியும்தான் அங்க உக்காந்தோம். உள்ள வர இருந்தவங்களும் எதிர்க்கடைக்குப் போயிட்டாங்க. புருஷன் பொண்டாட்டின்னா மூஞ்சியே காட்டிக் கொடுத்துடும். அப்படி ஏதாவதுன்னா, நான் வேற ஜோடி பாத்துக்குவேன்."

கையில் இருந்த ஒரே வேலையும் போய்விடுமே என்று அவன் முதலாளியின் கையில் அடித்துச் சொன்னான்.

"அந்தப் பொண்ணைக் கட்டிக்க மாட்டேன் சார். சத்தியமா."

முதலாளி நிம்மதியாகக் கல்லாவுக்குத் திரும்பினார். அவன் மேசைக்கு வந்து உட்கார்ந்தான்.

"என்னவாம்?" என்றாள் அவள், சிரிப்பு மாறாமல்.

"உன்னைக் கட்டிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு வரேன்."

"ஒன்பது வருஷம் முன்னாடி பண்ணியிருக்கலாம்." அவள் அவன் கையை ஆசையாகப் பிடித்துக்கொண்டாள். "சிரிங்க, வெளியில ஆள் பாக்கறாங்க. காலையில ஈரத்துண்டைக் கட்டில்ல போட்டீங்களே, அது ஒண்ணு. என் ஸ்வெட்டரைக் கேக்காம உங்க தங்கச்சிக்குத் தூக்கிக் கொடுத்தீங்களே, அது ஒண்ணு. ஆக, வீட்டுக்குப் போனதும் ரெண்டு சண்டை பாக்கி."