மண்ணள்ளிப் போட்டவர்

"என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே, நீ நல்லா இருப்பியா?"

மதில் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினார் முலாம் பூசும் பட்டறைக்காரர். ஊரார் வீட்டுக் குழாய்க்கெல்லாம் பளபளவென்று முலாம் பூசுகிறவர், கோபம் வந்தால் தன் நாக்குக்கு மட்டும் பூச மறந்துவிடுவார்.

அந்தப் பக்கம் தையல்காரர் தலையைக் குனிந்தபடி சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார்.

பட்டறைத் தண்ணீரைப் பற்றி யாரோ சுற்றுச்சூழல் ஆபீசில் புகார் கொடுத்துவிட்டார்கள். சாட்சிக்கு ஒரு பாட்டில் தண்ணீரும் கொடுத்திருக்கிறார்கள். மதிலை ஒட்டிக் கிணறு வைத்திருப்பவர் தையல்காரர். வேறு யாராக இருக்க முடியும்?

"வாயைத் திறக்கிறானா பாரு, கல்லுளிமங்கன்!"

பரிசோதிக்க வந்த அதிகாரி அம்மா நிதானமாகத்தான் பேசினார்.

"நிக்கல் முலாம் பூசிட்டுக் கழுவுற தண்ணியை அப்படியே வெளிய விடுறீங்க. அது பக்கத்துக் கிணத்துல இறங்குது. நிறுத்தலைன்னா பட்டறைக்குப் பூட்டுதான். தண்ணி சுத்தமாகுற வரைக்கும் பக்கத்து வீட்டுக்காரங்களும் கிணத்துத் தண்ணியைக் குடிக்கக் கூடாது."

"நான் என்னம்மா செய்யணும்?"

"அந்தத் தண்ணியை ஒரு தொட்டியில பிடிச்சு, மண்ணைப் போடுங்க."

பட்டறைக்காரருக்குச் சுருக்கென்றது. "கிண்டலா? ஏற்கெனவே ஒருத்தன் போட்டது பத்தாதா?"

"ஐயோ, நிஜமாவே மண்ணுதாங்க! இதுக்குன்னே ஒரு களிமண் இருக்கு. தண்ணியில கலக்கினா நிக்கலைத் தன்னோட ஒட்ட வெச்சுக்கும். அடியில படிஞ்சதும் மேல் தண்ணியை வடிகட்டி விடுங்க. சேத்தை மட்டும் கண்ட இடத்துல கொட்டாதீங்க, நாங்க சொல்ற இடத்துக்கு அனுப்பணும்."

வேண்டாவெறுப்பாக ஆரம்பித்தார். முதல் நாளே அவசரப்பட்டு மூட்டையோடு கவிழ்த்ததில் மோட்டார் அடைத்துக்கொண்டது. அதற்கும் திட்டு வாங்கியவர் தையல்காரர்தான். பிறகு மெல்ல மெல்லப் பதம் பிடிபட்டது.

மாதங்கள் ஓடின. அதிகாரி அம்மா சிரித்துக்கொண்டே வந்தார்.

"பாஸ்! பட்டறைத் தண்ணி சுத்தம். கிணத்துலயும் நிக்கல் குறைஞ்சிடுச்சு, இனிமே பயமில்லாம குடிக்கலாம்."

பட்டறைக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வீட்டுக்குள் ஓடி, கேன் தண்ணீரைப் பிடித்து மடக் மடக்கென்று குடித்தார்.

"தப்பிச்சோம்டி! ஆனா அந்தத் தையல்காரன் மூஞ்சியில மட்டும் இனி முழிக்க மாட்டேன்."

"புகார் கொடுத்தது நான்" என்றாள் மனைவி.

டம்ளர் பாதியில் நின்றது.

"நாம கேன் தண்ணி குடிக்கிறோம். அவங்க கைக்குழந்தைக்கு அந்தக் கிணத்துத் தண்ணியைக் காய்ச்சிக் கொடுத்துட்டிருந்தாங்க. காய்ச்சினா கிருமி சாகும், நிக்கல் சாகுமா? உங்ககிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன். காதுலயா வாங்கினீங்க?"

"இப்ப... அந்தக் குழந்தைக்கு?"

"ஒண்ணும் இல்ல. டாக்டர்கிட்ட காட்டிட்டாங்க. நல்லா இருக்கு."

நெஞ்சிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது அவருக்கு. பட்டறை பிழைத்ததற்குக்கூட அவ்வளவு நீளமாக வரவில்லை.

மதிலோரம் போய் நின்றார். மெல்லக் கேட்டார்.

"நான் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேய்யா?"

தையல்காரர் ஊசியிலிருந்து கண்ணை எடுத்துச் சிரித்தார்.

"சொல்லியிருக்கலாம்ணே. அப்புறம் அக்காவையில்ல திட்டியிருப்பீங்க!"