அமரர் ஜெயராமன்

சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்ததும் கஸ்தூரியம்மாள் சாம்பார் வாளியைத் தொப்பென்று கீழே வைத்துவிட்டாள்.

படத்தில் இருந்தது ஜெயராமன். சந்தன மாலை, குங்குமப் பொட்டு, ஊதுபத்தி. கீழே ஒரு அட்டை: 'முதலாம் ஆண்டு நினைவஞ்சலி.'

இந்த ஜெயராமன்தான் சற்று முன்பு மைன்ஸ் டவுன்ஷிப்பில் சோற்று அண்டாவை ஆட்டோவில் தூக்கி வைத்து, "பார்த்துப் போங்கக்கா, நான் ஸ்கூட்டர்ல வரேன்" என்று அவளை வழியனுப்பியவர்.

"அமிர்தம்! என்னடி இது?"

"எங்க வூட்டுக்காரருக்கு நினைவு நாள்க்கா."

"அவரு பின்னாடியே வந்துகினு இருக்காருடி!"

"சத்தமா பேசாதீங்கக்கா. துக்கம் நடக்கிற எடம்."

கஸ்தூரியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பக்கத்து குவார்ட்டர்ஸ்காரி அமிர்தம், 'வடக்குத்து கிராமத்து இல்லத்துல இருக்கிற பிள்ளைங்களுக்குச் சோறு போடறோம், பரிமாற வாங்க' என்று கூப்பிட்டதால் வந்தாள். வந்த இடத்தில் இப்படி ஒரு அபசகுனம்.

தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கான அந்த இல்லத்தில் இருப்பது ஒரே ஹால். சாப்பாடு, படிப்பு, படுக்கை எல்லாம் அதில்தான். மறுநாள் பத்தாம் வகுப்புக்குக் கணக்குப் பரீட்சை. மூலையில் சண்முகப்பிரியா என்ற பெண் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அரையாண்டில் கணக்கில் ஃபெயில். இதிலும் போனால் திருப்பூர் மில்லுக்குக் கூட்டிப்போய்விடுவேன் என்று அவள் சித்தப்பா சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

'அந்தப் பொண்ணைப் படிக்க விடாம, சோறு போட்ட பேரு வாங்கறதுக்குக் கட்டின புருஷனையே சாகடிச்சுட்டாளே!' என்று கஸ்தூரியம்மாள் பொருமினாள்.

அப்போது வாசலில் வேன் வந்து நின்றது. வடலூர் லாரி ஓனர் ராஜ்மோகன் இறங்கினார். பின்னாலேயே மைக் செட், பலூன், கோமாளி வேஷக்காரர், லாரி மாதிரியே செய்த கேக்.

வார்டன் சரிதா ஓடினாள்.

"சார், மன்னிச்சுக்குங்க. இன்னிக்கு திடீர்னு ஒரு நினைவு நாள் வந்துடுச்சு."

"நினைவு நாள் எப்படிங்க திடீர்னு வரும்? ஒரு வருஷமா தெரியாதா?"

"துக்கத்துல தேதி மறந்துட்டாங்களாம் சார்."

"என் பையனுக்கு மொத பொறந்த நாளுங்க! முன்னாடியே சொல்லி வெச்சிருக்கேன். பிள்ளைங்களை வெச்சு டான்ஸ் எல்லாம் இருக்கு."

"பொறந்த நாளைப் பரீட்சை முடிஞ்சதும் வெச்சுக்கலாம் சார். செத்த நாளை எப்படித் தள்ளி வெக்கிறது?"

ராஜ்மோகன் ஷூவைக் கழற்றிவிட்டு, படத்துக்கு முன்னால் வந்து கைகட்டி நின்றார்.

சரியாக அந்த நேரம் பார்த்து ஜெயராமன் ரசவாளியோடு உள்ளே வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் தலையிலிருந்த ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.

"இவரு ஏங்க ஹெல்மெட்டோட பரிமாறுறாரு?"

"மைன்ஸ்ல வேலைங்க" என்றாள் அமிர்தம். "சேஃப்டி."

ராஜ்மோகன் தலையாட்டினார். படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "மொகத்தைப் பார்த்தாலே தெரியுது. நல்ல மனுஷன்."

"ரொம்ப நல்லவருங்க" என்றது ஹெல்மெட்.

கஸ்தூரியம்மாள் கண்ணை மூடி மாரியாத்தாளைக் கூப்பிட்டாள்.

சரிதா பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "அய்யாவுக்காகச் சாயங்காலம் வரைக்கும் மௌன அஞ்சலி. யாரும் பேசக்கூடாது. சின்னப் பசங்க சாப்பிட்டுத் தூங்குங்க. பத்தாவது பசங்க கணக்குப் புத்தகத்தை எடுங்க. அய்யாவுக்குப் புடிச்ச பாடம்."

ராஜ்மோகன் நுனிக்காலில் வெளியே போனார். "வண்டியைத் திருப்புப்பா. ஹாரன் அடிக்காத" என்று டிரைவரிடம் கிசுகிசுப்பது கேட்டது.

வேன் போயிற்று. ஃபேன் சத்தமும் தாள் புரட்டும் சத்தமும்தான் மிச்சம். சண்முகப்பிரியா நகத்தை விட்டுவிட்டுப் பென்சிலை எடுத்திருந்தாள். ஜெயராமன் ஹெல்மெட்டைக் கழற்றி, தன் படத்துக்குக் கீழேயே இலை போட்டு உட்கார்ந்தார்.

கஸ்தூரியம்மாள் சரிதாவின் காதருகே போனாள். "அந்த லாரிக்காரருகிட்ட நேராவே வேணாம்னு சொல்லக்கூடாதா?"

"இவங்கள மாதிரி ஆளுங்க தயவுலதாம்மா ஃபீஸு, நோட்டு எல்லாம் ஓடுது. ஒரு தரம் வேணாம்னா அப்புறம் எட்டிப் பார்க்க மாட்டாங்க. யாரும் கெட்டவங்க இல்ல. என்னமோ, பரீட்சை நேரத்துலதான் எல்லாரும் பொறந்து தொலைக்கிறாங்க."

கஸ்தூரியம்மாள் அமிர்தத்தைப் பார்த்தாள். அமிர்தம் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, புருஷனுக்குக் கூடுதலாக ஒரு அப்பளம் வைத்தாள்.

சரிதா குரலை இன்னும் தாழ்த்தினாள். "வெள்ளிக்கிழமை சயின்ஸ். வியாழக்கிழமை ஒருத்தர் தன்னோட அறுபதாம் கல்யாணத்தை இங்க வெச்சுக்கறாராம். நாதஸ்வரம், தவில் எல்லாத்தோட. உங்க வூட்டுக்காரரு போட்டோ ஏதாவது..."

"அய்யய்யோ! அவரை விட்டுடுங்க!" கஸ்தூரியம்மாள் பதறிப்போய் வாசல்வரை நடந்தாள். செருப்பை மாட்டினாள். கழற்றினாள். திரும்பி வந்தாள்.

"என் போட்டோ தரேன். சுமங்கலியா போயிட்டேன்னு சொல்லிடுங்க. பொட்டு மட்டும் நல்லா பெருசா வைங்க."