நிற்காத சிரிப்பு

சூரியன் சாட்சியாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எங்கள் பூங்காவில் காலைதோறும் சிரிப்புப் பயிற்சி நடக்கும். நல்ல பழக்கத்தை ஒரு நாள் விட்டாலும் மனம் பழையபடி சுருங்கிவிடும் என்பது பயிற்சி தரும் கோமளவல்லி அம்மாவின் கட்டளை. அதற்குப் பயந்துதான் அம்பலவாணன், வீட்டில் அண்ணன் பிணமாகக் கிடக்க, அன்றைக்கும் வந்து எங்களோடு கைதட்டிச் சிரித்தான். நாங்கள் எல்லோரும் நிறுத்தினோம். அவன் சிரிப்பு மட்டும் நிற்கவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டான்; வயிற்றுக்குள்ளிருந்து கேட்டது.

“அண்ணே, இது நான் சிரிக்கலண்ணே,” என்று என் கையைப் பிடித்தான். விரல்கள் சில்லென்றிருந்தன.

“நல்ல அறிகுறி சார்! உள்மனசு மலருது,” என்றார் கோமளவல்லி அம்மா.

“மலருதாம்! பத்து மணிக்கு எடுக்கணும்மா. அண்ணி முகத்துல எப்படி முழிப்பேன்?”

வாயில் துண்டைத் திணித்து அழைத்துப் போனேன். பந்தலில் எல்லாத் தலையும் திரும்பியது. “காலையிலேயே ஊத்திட்டானா?” என்றார் ஒருவர். அண்ணனுக்கு மாலை போட அவன் குனிந்ததும் சிரிப்பு சட்டென்று நின்றது. அம்பலவாணன் துண்டை எடுத்துவிட்டு நீளமாக மூச்சு விட்டான். அப்போதுதான் அண்ணன் மார்பில் கிடந்த மாலைக்கு அடியில் அந்தச் சிரிப்பு மெல்லத் தொடங்கியது. மேளக்காரர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். அம்பலவாணன் என் பின்னால் ஒளிந்தான். அண்ணி மட்டும் கிட்டே போய்க் குனிந்து, “இந்த மனுஷருக்கு இப்பத்தான் சிரிக்கத் தோணுச்சா?” என்றாள்.

இதெல்லாம் நடப்பதற்கு வெகுகாலம் முன்பே எனக்கு இரண்டு காதும் கேட்காமல் போய்விட்டது.