பதினேழாவது வாசல்

பதினாறு வாசலில் "நல்ல காலம் பொறக்குது" என்று சொல்லி வந்த குடுகுடுப்பை, பதினேழாவது வாசலில் சட்டென்று நின்றது.

அது விஸ்வநாத்தின் வீடு. அவனியாபுரத்தில் அவர் கட்டும் கல்யாண மண்டபம் பக்கத்து மனையில்தான்.

திங்கட்கிழமை, விடிந்தும் விடியாத வெளிச்சம். குடுகுடுப்பைக்காரர் கருத்தக்கண்ணன் வீட்டைப் பார்க்கவில்லை. மண்டபத்தின் மதிலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மதிலு வாயத் தொறக்குது. ஆறு தகரக் கூரை. பதினோரு உசுரு. ஜக்கம்மா சொல்லுறா."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். வழக்கமாக வெயில் ஏறியதும் பழைய துணி வாங்க வருபவர், அன்று வரவே இல்லை.

மனைவி பாகீரதி வாசலிலிருந்து உள்ளே ஓடிவந்தார்.

"என்னங்க, இப்படிச் சொல்லிட்டுப் போறாரு? அந்த மதில்ல சாய்ச்சுத்தான வேலையாளுக கூரை போட்டுக் குடியிருக்காக? ஒரு தடவ பாத்துருங்களேன்."

"என்னத்தப் பாக்க? சித்தாளுக ஏதாச்சும் புலம்பிக்கிட்டே இருப்பாளுக. போன வாரந்தான் வெள்ளையடிச்சாச்சு. வெள்ளிக்கிழமை திறப்பு. ஆயிரம் பேருக்கு அன்னதானம். அம்புட்டுப் புண்ணியத்துக்கு முன்னால இவன் வாக்கு என்ன செய்யும்?"

மறுநாளும் அதே வாசல், அதே வாக்கு. விஸ்வநாத் வாசல் கேட்டுக்கே ஓடினார்.

"யோவ், பதினஞ்சு வருசமா எங்கிட்ட சட்டை வாங்குற. நல்ல வாக்கா ஒண்ணு சொல்லிட்டுப் போயேன்!"

"வாயில வந்தாத்தான சாமி சொல்ல?"

அன்றும் துணி வாங்க வரவில்லை.

புதன்கிழமை கருத்தக்கண்ணன் வாயே திறக்கவில்லை. குடுகுடுப்பையும் ஆடவில்லை. மதில் பக்கம் விரலை மட்டும் நீட்டியபடி நின்றார். தெருநாய் மூன்றும் அந்த விரல் போன திசையையே பார்த்தன.

விஸ்வநாத் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மதிலடிக்கு ஓடினார்.

வெள்ளைப் பூச்சு பிளந்து கிடந்தது. உள்ளே நாலு விரல் நுழைந்தது.

"எல்லாரும் சட்டி பானையத் தூக்கிக்கிட்டு மண்டபத்துக்குள்ள போங்க! இப்பவே!"

வியாழக்கிழமை மத்தியானம் பெய்த மழையில் மதில் விழுந்தது. ஆறு கூரையும் அப்பளமாய் நொறுங்கின. பதினோரு பேரும் மண்டபத்துக்குள் சோறு தின்றுகொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை, அத்தனை பேர் பார்க்க, கருத்தக்கண்ணனுக்குப் போடப் பட்டுச் சால்வையை விரித்தார் விஸ்வநாத்.

"ஜக்கம்மா என் கண்ணத் தொறந்துட்டா. பதினோரு உசுரு!"

கருத்தக்கண்ணன் சால்வையைத் தொடவில்லை.

"அந்தா, பந்தியில எச்சில் இலை எடுக்குதே தமிழ்வாணி. அதுக்குப் போடுங்க சாமி."

"அந்தச் சித்தாளுக்கா? எதுக்கு?"

"மதிலு வெடிச்சிருக்குன்னு உங்ககிட்ட நாலு தடவ சொல்லுச்சாம். நீங்க வெள்ளையடிக்கச் சொன்னீகளாம். அஞ்சாவது தடவ எங்கிட்ட வந்துச்சு. 'நான் சொன்னா அவருக்குக் கேக்காதுண்ணே. ஜக்கம்மா சொன்னதாச் சொல்லுங்க'ன்னு."